மண்ணுட் கிடப்பது யார்க்குரியது?

ஒரு பொருளை 'என்னுடையது' என்று ஒருவன் உரிமை பாராட்டுவதற்கு வழக்கமாக மூன்று நியாயங்கள் கூறப்படும். அப்பொருளை அவன் தன் கையால் ஆக்கியிருக்கலாம். விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். அதற்குரியவர் மனமுவந்து அவனுக்கு அளித்திருக்கலாம். மண்ணுள்ளிருந்து எடுக்கப்படும் பழங்காசுக்கு இம்மூன்றுள் ஒன்றேனும் பொருந்துவதில்லை. அதனை ஆக்கியவன் வேறொருவன், அதற்கு விலை கொடுத்தவன் இறந்துபட்டவன், அளித்தவரோ எவருமிலர். எனினும் மண்ணைத் துடைத்துக் கையில் ஏந்திய அக்கணத்திலேயே 'என்னுடையது' என்னும் எண்ணம் கண்டெடுத்தவனின் நெஞ்சில் எழுந்துவிடுகின்றது. இவ்வெண்ணம் எங்கிருந்து வருகின்றது? அதற்கு அறத்தின் பாற்பட்ட ஆதாரம் ஏதும் உண்டா? இவ்வினாக்களை எமது மலைநாட்டுச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர்நாடுகளில், அறுவடை முடிந்த பின்னர், பனி விழுந்து நிலம் இறுகுமுன், உலோகம் கண்டறியும் கருவியோடு வயல்வெளிகளில் நடந்து பழங்காசுகளையும் பழம்பொருட்களையும் தேடுவது பலருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காகும். எமது ஊவா மலைகளில் நிலம் இறுகும் பனிக்காலம் என்றொன்று இல்லை. ஆனால் ஆடி ஆவணியிற் கச்சான் காற்று வீசிப் புல்லையும் மண்ணையும் ஒருங்கே உலர்த்திய பின்னர், ஐப்பசியில் மாரி தொடங்குமுன், ஓர் இடைவெளி உண்டு. ஊவாத் தேயிலை தன் பெயர்பெற்ற மணத்தை அடையும் வறட்சிக்காலம் முடிந்து, மழைக்கு முன்பாகத் தோட்டங்களிற் கான்கள் வெட்டப்படும், முள்ளுக்குத்து நடைபெறும். மண் புரட்டப்படும் இவ்வேளையில் மண்ணுட் கிடந்தவை வெளிவருவதும் இயல்பே.

ஆராய்ச்சியின் வசதிக்காக ஓர் உதாரணத்தைக் கற்பித்துக் கொள்வோம். தெமோதரையை அடுத்த ஒரு தோட்டத்தில், எப்போதோ கைவிடப்பட்டு அத்திவாரம் மாத்திரம் எஞ்சிய லயம் ஒன்றின் அருகே, ஓர் இளைஞன் இரவல் வாங்கிய கருவியோடு நிற்கின்றான். கருவி மூன்று இடங்களில் ஒலிக்கின்றது. முதலிடத்தில் ஒரு தங்கச் சவரன் கிடைக்கின்றது. இரண்டாவது இடத்தில் 1870ஆம் ஆண்டு பொறித்த இலங்கைச் செப்புக்காசு ஒன்று. ஒரு முகத்தில் விக்டோரியா அரசியின் தலை, மறுமுகத்தில் பனையினத்து மரமொன்று. மூன்றாவது இடத்தில், காசளவேயான ஒரு தகர வில்லை. அதன்மீது ஓர் எழுத்தும் சில எண்களும் மாத்திரமே காணப்படுகின்றன. இம்மூன்று பொருட்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கருவியும் அதனை ஏந்தும் கையும்

முதலிற் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. சுருளாகச் சுற்றிய கம்பியில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அதனைச் சூழ ஒரு காந்தப்புலம் தோன்றுகின்றது. அப்புலத்துள் உலோகம் ஏதும் அகப்படின், அவ்வுலோகத்தில் சுழி மின்னோட்டங்கள் தூண்டப்பெற்று, அவை தாமும் ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. அதனைக் கருவி உணர்ந்து ஒலியாக்குகின்றது. பொன்னுக்கும் தகரத்துக்கும் ஒலியிற் சிறிது வேறுபாடு காட்டும் கருவிகள் உள்ளன. ஆனால் பொன் உயர்ந்தது, தகரம் தாழ்ந்தது என்ற மதிப்பீடு கருவிக்குரியதன்று, அது மனிதனுக்குரியது.

இதே தத்துவத்தில் இயங்கும் கருவியைக் கொண்டே 2009இற்குப் பின்னர் வன்னி நிலத்திற் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டன. அங்கே ஒவ்வோர் ஒலிக்கும் ஒருவர் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணை நீக்கினார். மக்கள் மீளக் குடியேறுவதற்காக அதனைச் செய்தார். அதே கருவி நள்ளிரவில் ஒரு பழந்தாதுகோபத்தின் அடிவாரத்தில் ஒலிக்கும்போது, பல நூற்றாண்டுகள் நிலைத்த செங்கற்கட்டு ஓரிரவில் உடைக்கப்படுகின்றது. ஆகவே கருவியைப் பழித்தலோ புகழ்தலோ பொருளற்றது. எவ்வெண்ணத்தோடு மண் அகழப்படுகின்றது என்பதே வினா.

அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு எமது நாட்டின் கதைமரபு ஓர் எச்சரிக்கையை விட்டுச்சென்றுள்ளது. புதையலைப் பூதங்கள் காவல்செய்கின்றன, பலியின்றி அவை விலகா என்ற நம்பிக்கை சிங்களவரிடையேயும் தமிழரிடையேயும் நிலவி வந்ததாகும். ஜீ.பி. சேனாநாயக்காவின் சிறுகதையைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்தி 1972இல் வெளியான 'நிதானய' என்ற திரைப்படத்தின் கருவும் இதுவே. புதையலுக்குப் பலியிடத்தக்க அங்க அடையாளங்களையுடைய பெண்ணொருத்தியைத் தேடி மணம்புரியும் ஒருவன், ஈற்றில் அவளைக் கொன்றும் புதையலைப் பெறாது அழிகின்றான். பூதத்தை நாம் நம்பவேண்டியதில்லை. உழைக்காத செல்வத்தின்மீது கொண்ட வேட்கை அருகிலிருக்கும் மனிதரையே கருவியாகக் கருதச் செய்துவிடும் என்பது அக்கதையின் உட்பொருள். அதனை நம்புவதற்குப் பூதம் தேவையில்லை.

உறுபொருள் என்னும் கருத்து

மண்ணுட் கிடக்கும் பொருள் யார்க்குரியது என்ற வினா எமது மரபுக்குப் புதிதன்று. திருக்குறளின் 756ஆம் குறள் அரசனுக்குரிய பொருட்களுள் உறுபொருளையும் ஒன்றாக எண்ணுகின்றது. வைத்தவர் இறந்துபோக, நெடுங்காலம் நிலத்திற் கிடந்து, பின்னர் கண்டெடுக்கப்பட்ட பொருளும், உரிமை கொள்வதற்குத் தாயத்தார் இல்லாத பொருளும் உறுபொருளாம் என்பது பரிமேலழகர் தரும் விளக்கத்தின் கருத்து. அர்த்தசாத்திரம் புதையலை அறிவித்தவனுக்கு ஆறிலொரு பங்கு தருகின்றது. மனுநூலோ, கற்ற பிராமணன் கண்டெடுப்பின் முழுவதும் அவனுக்கே என்றும், பிறர் கண்டால் அரசனுக்குப் பங்குண்டு என்றும் விதிக்கின்றது. கண்டெடுத்த பொருள் பற்றிய விதி, அதனை வகுத்த சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வையும் உடன்காட்டும் கண்ணாடியாக அமைந்துவிடுவதை இவ்விடத்தில் அவதானிக்கலாம்.

பிற்காலச் சட்டங்களும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், பத்து ரூபாவுக்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமெனப் பணித்தது. உரியவர் இல்லையென முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, நான்கில் மூன்று பங்கு கண்டவருக்கும் எஞ்சியது நில உரிமையாளருக்கும் சேரும் என்றது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது நூதனசாலை கொள்வனவு செய்யும் புதையலுக்கு மதிப்பிட்ட தொகை வழங்கப்படும். அதனைக் கண்டவரும் நிலத்துக்குரியவரும் பகிர்ந்துகொள்வது வழக்கம். 2009இல் ஸ்ராபர்ட்சயரிற் கருவியோடு நடந்த ஒருவர் கண்ட ஆங்கிலோ சாக்சன் பொற்குவியலுக்கு 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண் மதிப்பிடப்பட்டு இவ்வாறே பங்கிடப்பட்டது. இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் இவற்றிலிருந்து வேறுபட்டது. தொல்பொருள் தன் நிலத்திற் கிடைத்தது என்ற காரணத்தால் மாத்திரம் நிலத்துக்குரியவன் அதற்கு உரிமையாளனாகான். அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடித் தன் சொந்த நிலத்தையேனும் எவரும் அகழலாகாது. உரியவரற்ற தொல்பொருள் அரசின் உடைமை என்பன அதன் அடிப்படைகளாம்.

இக்கடுமைக்கு நியாயமில்லாமலில்லை. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு சிறு விதி மலைநாட்டவனாகிய எவனையும் சிந்திக்கத் தூண்டும். தொல்பொருள் என்பதற்கு அச்சட்டம் இட்ட கால எல்லை 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி. அதாவது கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குக் கையளிக்கப்பட்ட உடன்படிக்கை நாள். அதற்கு முற்பட்டதாகக் கொள்ளத்தக்கதே தொல்பொருள். பிற்காலத்துக் கட்டடங்கள் சில தனி அறிவித்தல்கள் மூலம் பாதுகாக்கப்பட்டுள்ளன என்பது உண்மை. ஆனால் காசு, வில்லை, கத்தி, பாத்திரம் முதலிய சிறுபொருட்களை நோக்குமிடத்து, எல்லைக்கோடு 1815 என்றே நின்றது.

தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். மலையகத் தமிழர் இந்நாட்டிற் காலூன்றி 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. அவ்வழியிற் காட்டிலும் நோயிலும் மாண்டோர் பலர். அவர்களது எலும்புகளுக்கும் உடைமைகளுக்கும் கல்நாட்டினார் இல்லை. இருநூறாண்டு வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பொருள்சார்ந்த வரலாறு முழுவதும் அவ்வெல்லைக் கோட்டுக்கு இப்பாலே விழுகின்றது. எமது உதாரணத்து இளைஞன் கையிலுள்ள மூன்று பொருட்களில் ஒன்றேனும் அவ்வரையறைப்படி தொல்பொருளன்று. சட்டம் இவ்விடத்தில் அவனைத் தடுக்கவில்லை, அப்பொருட்களைக் காக்கவுமில்லை. சட்டம் வாளாவிருக்கும் இவ்விடத்திலேதான் அறவினா தன் முழுவடிவில் எழுகின்றது.

உழைப்பினால் வரும் உரிமை

புதையல் தேடுவோர் சொல்லும் முதல் நியாயம் உழைப்பு. 'நான் தேடினேன், நான் தோண்டினேன், ஆகவே என்னுடையது' என்பர். இக்கூற்று மேலைநாட்டு மெய்யியலிற் புகழ்பெற்ற ஒரு கொள்கையின் நிழலாகும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையாளரான ஜோன் லொக், பொதுவாயிருந்த ஒன்றோடு மனிதன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனது உடைமையாகின்றது என்றார்; பிறர்க்கும் போதிய அளவு எஞ்சியிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் விதித்தார்.

இக்கொள்கையை ஏற்போமாயின், அதனை முழுமையாக ஏற்றல் வேண்டும். ஓரிரவு மண்வெட்டி பிடித்தவனுக்கு ஒரு காசின்மீது உரிமை பிறக்குமெனின், தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் காடு வெட்டி, கான் வெட்டி, கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்தவர்களுக்கு அம்மலையின்மீது என்ன உரிமை பிறந்திருத்தல் வேண்டும்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. துரை மாறினார், பெயர்ப்பலகை மாறியது. உழைத்தோர் பெரும்பாலார்க்குத் தாம் வாழும் காம்பராவின் நிலமும் சொந்தமாகவில்லை. உழைப்பு உரிமையைத் தராது என்று நூற்றாண்டுக்கு மேலாகக் கூறிவந்த ஒரு சமுதாயம், புதையற் காசொன்றுக்கு மாத்திரம் உழைப்பே உரிமை என்று கூறுமாயின் அது முரண்பாடாகும். முதலாவதை மறுப்போர்க்கு இரண்டாவதைக் கோர இடமில்லை.

அன்றியும், மண்ணுட் கிடக்கும் காசு லொக் கருதிய 'பொதுப்பொருள்' போன்றதன்று. காட்டுக்கனி எவர் உழைப்பாலும் ஆகாதது. காசோ பிறரது உழைப்பு முன்னமே கலந்து கிடப்பது. 1870ஆம் ஆண்டுச் செப்புக்காசு எவளோ ஒருத்தி கோப்பிப்பழம் பறித்த கூலியின் துணுக்காக இருந்திருக்கலாம். தோண்டியவனின் வியர்வை அதிற் கலக்குமுன்னரே வேறொருவரின் வியர்வை அதிற் காய்ந்து கிடக்கின்றது.

இடம் இழந்த பொருள்

இரண்டாவது நியாயம் அறிவு பற்றியது. 'மண்ணுள் மக்கிப்போவதை வெளிக்கொணர்வது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டன்றோ?' என்பர். இக்கூற்றில் உண்மையும் உண்டு. எல்லவுக்கு அண்மையில் இராவணன் நீர்வீழ்ச்சியாக விழும் நீர் கிரிந்தி ஓயாவிற் கலந்து, வெல்லவாயவைக் கடந்து, திஸ்ஸமகாராமையை அடைந்து கடலிற் சேர்கின்றது. அத்திஸ்ஸமகாராமையின் அக்குருகொடப் பகுதியில் மண்ணைக் கிளறியோர் கையிலும் காசு சேகரிப்போர் கையிலும் பழைய ஈயக்காசுகள் பல வந்து சேர்ந்தன. ஒஸ்மண்ட் போப்பேயாராச்சியும் விக்கிரமசிங்கவும் 1999இல் வெளியிட்ட நூலில் இக்காசுகள் அறிமுகமாயின. அவற்றுட் சில தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை என்பதை ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். தமிழகத்திலும் கரூர் அமராவதி ஆற்றுமணலை அரித்தோர் கைவழியே வந்த காசுகளில்தான் 'மாக்கோதை' போன்ற சேரர் பெயர்கள் வெளிப்பட்டன. முறையான அகழ்வு எட்டாத இடத்தில் ஏழையின் சல்லடை எட்டியது என்பதை நாம் மறுத்தலாகாது.

ஆயினும் இக்காசுகள் சொல்லாமல் விட்டவற்றையும் நாம் எண்ணுதல் வேண்டும். அவை எந்த மட்டத்திற் கிடந்தன? உடன்கிடந்த மட்கலம் யாது? வீட்டின் தளத்திலா, பட்டறையிலா, பாதையோரத்திலா? இவ்வினாக்களுக்குக் காசு தனித்து விடையளிக்காது. இதனோடு ஆனைக்கோட்டையை ஒப்பிடுக. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது பெருங்கற்காலச் சவவடக்கமொன்றில், எலும்புக்கூட்டின் அருகே, ஒரு சிறு வெண்கல முத்திரை கிடைத்தது. மேல்வரியிற் குறியீடுகள், கீழ்வரியிற் பிராமி எழுத்துக்கள். அது ஓர் அங்குலமும் நிறையாத பொருள். அது கிடந்த இடம் பதியப்பட்டமையால், எழுத்தறிவும் பெருங்கற்காலப் பண்பாடும் யாழ்ப்பாணத்திற் சந்தித்தமைக்கு அது சான்றாயிற்று. அதே முத்திரையை ஒருவன் இரவிற் தோண்டி விற்றிருப்பின், அது ஒரு வணிகனின் பெட்டியில் 'ஊர் பெயர் அறியாத வெண்கலத் துண்டு' என்றே கிடந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கின்றது. பழம்பொருளின் மதிப்பில் ஒரு பாதி பொருளில் இருக்கின்றது. மறுபாதி அது கிடந்த இடத்தில் இருக்கின்றது. பொருளைத் திருடியவனிடமிருந்து பொருளை மீட்கலாம். ஆனால் இடத்தைக் குலைத்தவனிடமிருந்து இடத்தை எவ்வாற்றானும் மீட்க முடியாது. ஆகவே பதிவின்றித் தோண்டுபவன் தனக்குரியதல்லாத ஒன்றை எடுப்பதோடு நிற்கவில்லை. எவர்க்கும் இனிக் கிடைக்கக்கூடாதவாறு ஒரு சான்றை அழிக்கின்றான். களவினும் இது ஒருபடி கொடிது.

உரியவர் இறந்தவரா, அகற்றப்பட்டவரா?

உறுபொருள் என்ற கருத்தும், 'உரியவரற்ற பொருள்' என்ற சட்டக் கருத்தும் ஓர் அனுமானத்தின் மீது நிற்பன: வைத்தவர் காலத்தால் இயற்கையாக மறைந்தார் என்பதே அவ்வனுமானம். மலைநாட்டில் அது எப்போதும் பொருந்துவதன்று.

வங்கியை அறியாத எமது பாட்டிமார் சேலைத்தலைப்பு முடிச்சிலும், அரிசிப்பானையிலும், அடுப்படி மண்ணிலும் சேமித்தனர். பூட்டில்லாக் காம்பராவில் மண்ணே பெட்டகம். புதைத்தவள் தானே மீண்டும் எடுப்பேன் என்ற நம்பிக்கையில்தான் புதைத்தாள். பின்னர் என்ன நிகழ்ந்தது? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பகிர்ந்து, 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதற்கென விட்டுவைத்தது. 1924இற் பதுளையை எட்டிய அதே புகையிரதப் பாதையில், தெமோதரைச் சுருளைக் கடந்து, குடும்பங்கள் தலைமன்னாரை நோக்கிச் சென்றன. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி ஒரே இரவில் லயங்களை விட்டோடியோரும் உளர். இவர்கள் விட்டுச் சென்றவை உரியவரற்றவை ஆகா. உரியவர் நீலகிரியிலோ வவுனியாவிலோ இருக்கலாம். அவர் மக்கள் இருக்கலாம். உரியவரை அகற்றிவிட்டு, 'உரியவர் இல்லை' என்று கூறி எடுத்துக்கொள்வது அறமாகுமா? அரசு எடுப்பினும் தனியொருவன் எடுப்பினும் இவ்வினா ஒன்றே.

மண்ணே எடுத்துக்கொண்ட மனிதரும் உளர். 2014 ஒக்தோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேடுதல் சில நாட்களின் பின் நிறுத்தப்பட்டது; மீட்கப்படாதோர் அம்மண்ணிலேயே கிடக்கின்றனர். அங்கே ஒருவன் கருவியோடு சென்று, ஒலிக்கும் இடத்தில் தோண்டி ஒரு தோட்டை எடுத்து 'கண்டெடுத்தேன்' என்று கூறுவானாயின் எமது நெஞ்சு பதைக்குமன்றோ? ஏன் பதைக்கின்றது? அது எவருடைய செவியில் இருந்தது என்பதை நாம் அறிவோம். அவ்வாறாயின், நூறாண்டுக்கு முற்பட்ட காசினை எடுக்கும்போது நெஞ்சு பதையாமைக்குக் காரணம், அதனை வைத்தவரை நாம் அறியோம் என்பது மாத்திரமே. அறியாமை உரிமையைத் தருமா? காலத்தின் தூரம் துயரத்தை மெலிவிக்கும். கடமையை இல்லாமற் செய்யாது.

தகர வில்லையின் சாட்சி

மூன்று பொருட்களுள் எஞ்சியது தகர வில்லை. கருவியோடு செல்வோர் பெரும்பாலும் இதனைக் குப்பையென எறிந்துவிடுவர். ஆனால் அதன்மீதுள்ள எழுத்தும் எண்களும் வீணானவையல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டோர் வழிமாறிப் போகாதிருக்கும் பொருட்டு, மாவட்டத்தையும் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் அடையாளம் பொறித்த தகர வில்லைகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. வில்லையைக் கண்டால் அம்மனிதர் எத்தோட்டத்துக்குச் சேரவேண்டியவர் என்பது விளங்கும். ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டத்துக்குச் செல்வோரின் கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டது. துண்டு காகிதமாதலின் மக்கிப்போயிற்று. வில்லை உலோகமாதலின் மண்ணில் எஞ்சக்கூடும்.

காசும் வில்லையும் உருவில் ஒத்தவை, பொருளில் எதிரானவை. காசு மனிதன் கையில் வைத்திருப்பது. வில்லை மனிதனையே ஒருவர் கையில் வைத்திருப்பதற்கான அடையாளம். காசில் அரசியின் முகம் உண்டு. வில்லையில் எண் மாத்திரம் உண்டு. சந்தையில் சவரனுக்கு விலையுண்டு, செப்புக்காசுக்குச் சிறிது விலையுண்டு, வில்லைக்கு விலையில்லை. ஆனால் எமது மக்கள் எவ்வாறு இங்கு கொணரப்பட்டனர் என்பதற்கு மூன்றினுள்ளும் மிகப் பெரிய சாட்சி அதுவே. விலையைக் கொண்டு பொருளை மதிக்கும் வேட்டையாளன் மிக அரிய பொருளையே எறிந்துவிட்டுப் போகின்றான் என்பது, அவ்வேட்டையின் அறவியற் குறைபாட்டை வேறெதனினும் தெளிவாகப் புலப்படுத்தும்.

கண்டவனின் கடமை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து நாம் அடையும் முடிவு யாது? கண்டெடுத்தவன் உரிமையாளனல்லன், அவன் சாட்சி. விபத்தொன்றைத் தற்செயலாகக் கண்டவனுக்கு அவ்விபத்தின்மீது உரிமை ஏதும் பிறப்பதில்லை. கண்டதைக் கண்டவாறு உரைக்கும் கடமை பிறக்கின்றது. மண்ணுட் கிடந்ததைக் கண்டவனின் நிலையும் இதுவே. எங்கே, எவ்வாழத்தில், எதனோடு கிடந்தது என்பதை உரைத்தல் அவன் முதற் கடமை. அரசின் உரிமையும் இவ்வாறே நிபந்தனைக்குட்பட்டது. எல்லார் சார்பிலும் காக்கின்றேன் என்பதாலேயே அரசு உரிமை கோருகின்றது. ஆகவே எல்லாருடைய வரலாற்றையும் காத்தல் அதன் கடமை. ஒரு சாரார் வரலாற்றை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, 'எல்லார்க்கும் உரியது' என்று சொல்லுதல் சொல்லளவிலேயே நிற்கும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். நாட்கூலி 1,000 ரூபாவை எட்டுவதற்கே 2021 வரை போராடிய குடும்பத்தில் பிறந்த இளைஞனின் கையில் ஒரு தங்கச் சவரன் இருக்கின்றது. அவனிடம் சென்று சாட்சியின் கடமையைப் போதிப்பது, வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு நோன்பின் பெருமையை உரைப்பது போலாகாதா? இத்தடை வலிமையுடையது, புறக்கணிக்கத்தக்கதன்று. நேர்மையின் செலவை ஏழையே சுமக்கவேண்டும் என்று விதிக்கும் அறம் நிறைவான அறமாகாது. கண்டவருக்கு நியாயமான வெகுமதி வழங்கும் ஏற்பாடு இதனால்தான் அவசியமாகின்றது. இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டம் ஒன்றின்கீழ், பொதுமக்கள் தாம் கண்ட சிறுபொருட்களைத் தாமே முன்வந்து அறிவித்ததாற் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதியப்பட்டுள்ளன. அத்திட்டத்தினால் களவு ஒழிந்துவிடவில்லை. ஆயினும் அறிவிக்க விரும்புபவனுக்கு அறிவிப்பதற்கு ஓர் இடம் உண்டாயிற்று. எமது இளைஞனுக்கு அவ்விடம் எங்கே? 'மண்ணில் ஒன்று கண்டேன்' என்று அவன் சொல்லச் சென்றால், அவன் சொல்லைக் கேட்பார் உளரா, அன்றி 'எங்கே திருடினாய்?' என்று கேட்பாரே உளரா? கேட்கும் செவி இல்லாதவிடத்துச் சாட்சியைக் குறைகூறுதல் முறையன்று.

எனினும் அரசு விழிக்கும் வரை நாம் உறங்கவேண்டியதில்லை. தோண்டச் செல்லுதல் வேண்டா. அது சட்டத்துக்கும் அறத்துக்கும் ஒவ்வாது. ஆனால் கான்வெட்டிலும் முள்ளுக்குத்திலும் அத்திவாரம் வெட்டுமிடத்திலும் மண்சரிவின் பின்னும் பொருட்கள் தாமாகவே வெளிவருகின்றன. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஒரு பதிவேடு இருக்கலாம். கண்ட நாள், இடம், ஆழம், உடன்கிடந்தவை, அவ்விடம் பற்றி முதியோர் கூறும் செய்தி ஆகிய ஐந்தையும் அதிற் குறிக்கலாம். 1815இற்கு முற்பட்டதெனத் தோன்றுவதைத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். பிற்பட்டதைப் பாடசாலையிலேயே பேணலாம். பெயரோ வேறு அடையாளமோ உள்ள பொருளாயின், கடல்கடந்து சென்ற குடும்பத்தையும் தேடிப்பார்க்கலாம். பல்கலைக்கழக மாணவராகிய நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இப்பணியைத் தொடக்கிவைத்தல் இயலாத காரியமன்று. அதற்கு வேண்டியது ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் ஓர் அளவுகோலுமே.

எமது உதாரணத்து இளைஞன் சவரனை விற்பானாயின், அவனை நாம் கடிந்துகொள்ளத் தயங்குவோம். ஆனால் விற்குமுன் அவன் அது கிடந்த இடத்தை எழுதிவைக்கவும், தகர வில்லையை எறியாதிருக்கவும் நாம் அவனிடம் வேண்டலாம். அவ்வில்லையின் எண் எவருடையது என்பதை ஒருநாள் ஒருவர் கண்டறிதல் கூடும். அவ்வெண்ணுக்கு உரியவருக்கும் ஒரு பெயர் இருந்தது.